அளவுச் சீட்டு இல்லாம சட்டை தைக்க முடியுமா? போர்டு ‘பூட்’ ஆகிற கதையும் அதுதான்!

தீபாவளி நெருங்கினால் புதியம்புத்தூரில் தையல் மெஷின் சத்தம் ராத்திரியிலும் ஓயாது. ரெடிமேட் துணிக்குப் பேர்போன ஊர். அப்படி ஒரு சீசனில், கணினி எம்பிராய்டரி மெஷின் ஒன்று காலையில் ஸ்விட்ச் போட்டதும் லோகோவோடு அப்படியே நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் நல்லா இருக்கு. ஊசி நல்லா இருக்கு. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுகூட நல்லாத்தான் இருக்கு. கெட்டுப்போனது, அதன் மெமரியில் இருந்த ஒரு ஃபைல்.

அந்த ஃபைலைத் திரும்ப ஏற்றினால் மெஷின் ஓடிவிடும். ஆனால், அது யார்கிட்ட இருக்கு? நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

கெர்னல் இமேஜ் என்றால் என்ன?

கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல்தான் இன்று ஆண்ட்ராய்டு போன், வைஃபை ரவுட்டர் தொடங்கி ஆலை இயந்திரங்கள் வரை பலவற்றில் ஓடுகிறது. ஆயிரக்கணக்கான ஃபைல்களாக இருக்கும் அதன் மூல நிரலைத் தொகுத்து, போர்டு நேரடியாக ஏற்றிக்கொள்ளும் ஒரே ஃபைலாக மாற்றுகிறோமே, அதுதான் கெர்னல் இமேஜ்.

லேப்டாப்பில் இருக்கும் சிப் வேறு, போர்டில் இருக்கும் சிப் வேறு. அதனால் லேப்டாப்பில் உட்கார்ந்து போர்டின் மொழியில் தொகுக்க வேண்டும். இதற்கு ‘கிராஸ் கம்பைலிங்’ என்று பெயர்.

இமேஜ் மட்டும் போதுமா?

போதாது. கரன்ட் வந்ததும் சிப்புக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் சின்ன நிரல் விழிக்கும். அது பூட்லோடரை எழுப்பும். பூட்லோடர், கெர்னலை மெமரியில் ஏற்றி, கூடவே ‘டிவைஸ் ட்ரீ’ என்ற சீட்டையும் கொடுக்கும். இந்தப் போர்டில் எவ்வளவு மெமரி, எந்த முகவரியில் எந்தக் கருவி என்பதெல்லாம் அதில் இருக்கும். டெய்லர் கையில் இருக்கும் அளவுச் சீட்டு மாதிரி. துணி ஒன்றுதான், ஆனால் ஒருத்தருக்கு எடுத்த அளவில் இன்னொருத்தருக்குச் சட்டை தைக்க முடியாது. கடைசியாக, புரோகிராம்கள் இருக்கும் ரூட் ஃபைல் சிஸ்டம். அது கிடைக்கவில்லை என்றால் கெர்னல் விழித்தும் பயனில்லை, ‘பேனிக்’ ஆகி நின்றுவிடும்.

ராஸ்பெர்ரி பை போர்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எஸ்டி கார்டின் முதல் பகுதியைத் திறந்தால் கெர்னல் ஃபைல், டிவைஸ் ட்ரீ ஃபைல்கள், அமைப்பு ஃபைல் எல்லாம் வரிசையாக இருக்கும்.

நம்மாளால முடியுமா?

முடியும். செய்தும் காட்டியிருக்கிறோம். சென்னை ஐஐடியின் ‘சக்தி’ குழு, ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த வடிவமைப்பில் உருவாக்கிய சிப்பில் 2018-லேயே லினக்ஸை பூட் செய்தது. அந்த சிப் தயாரானது அமெரிக்காவில், இன்டெல் ஆலையில். அடுத்ததை சண்டிகரிலேயே தயாரித்தார்கள். 2025 பிப்ரவரியில், இஸ்ரோவோடு சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்கான ‘ஐரிஸ்’ சிப் பூட் ஆனது. சிப் சண்டிகரில், பேக்கேஜிங் கர்நாடகாவில், சர்க்யூட் போர்டு குஜராத்தில், பாகங்களைப் பொருத்தியது சென்னையில்.

சிப் செய்தால் மட்டும் போதாது, அது பூட் ஆனால்தான் வெற்றி. அந்தக் கடைசிப் படியைக் கற்றுக்கொள்ள ஐஐடி தேவையில்லை. ஒரு லேப்டாப், ஒரு போர்டு, ஒரு சீரியல் கேபிள், நிறையப் பொறுமை. கோவில்பட்டி, தூத்துக்குடி பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகள் ஒரு செமஸ்டரில் இதைப் பழகிவிடலாம். எல்.இ.டி. விளக்கை மினுக்க வைப்பதோடு புராஜெக்ட்டை முடித்துக்கொள்வதுதான் வருத்தம்.

கம்பெனிகள் கொடுக்குமா?

லினக்ஸ் கெர்னலின் உரிமம் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. கெர்னல் உள்ள கருவியை விற்பவர், அந்தக் கெர்னலின் மூல நிரலையும் கேட்டால் தர வேண்டும். ஆனால் பல வாங்குபவர்களுக்கு இது தெரியாது, கேட்பதுமில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து உள்ள இமேஜை மட்டுமே சில போர்டுகள் ஏற்கும். பாதுகாப்புக்காக என்கிறார்கள். நியாயம்தான். வங்கி இயந்திரத்தில் யார் வேண்டுமானாலும் இமேஜ் மாற்ற முடிந்தால் ஆபத்து. ஆனால் காசு கொடுத்து வாங்கிய தையல் மெஷினின் சொந்தக்காரருக்கும் அதே பூட்டு எதற்கு? குறைந்தபட்சம், கையெழுத்திட்ட இமேஜின் ஒரு பிரதியையாவது அவர் கையில் கொடுக்கலாமே!

மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கியது. அந்த உரிமையில் உதிரிபாகம் மட்டுமல்ல, இமேஜும் சேர வேண்டும். நட்டு போல்ட்டு கிடைத்து ஃபைல் கிடைக்கவில்லை என்றால், மெஷின் இரும்புக்கடைக்குத்தான் போகும்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

மெஷின் வாங்கும்போதே, ‘ரெக்கவரி இமேஜ் தருவீங்களா?’ என்று கேளுங்கள், பில்லில் எழுதி வாங்குங்கள். எஸ்டி கார்டில் ஓடும் போர்டாக இருந்தால், நல்லா ஓடிக்கொண்டிருக்கும்போதே முழு கார்டையும் நகல் எடுத்து வையுங்கள். வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு விதையை எடுத்துவைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதுவும் விதைதான்.