பக்கத்துக் கடையும் பயணக் கணக்கும்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. ஆற்றில் கொட்டுவதையே அளக்கச் சொன்னவர்களின் வழிவந்த நாம், சாலையில் கொட்டுவதை அளப்பதே இல்லை. அளக்காதது மட்டுமன்று, சாலை பறித்துக்கொண்ட பணத்துக்கான சினத்தைத் தெருமுனையில் இருக்கும் சிறு கடையின்மேல் காட்டி வருகிறோம். இது நீதியன்று, அறிவுடைமையும் அன்று. இதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில மாதங்களுக்கு முன் பண்டமாரானில் ஒரு குடியிருப்பாளர் கூட்டம் நடந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வந்த மளிகைக் கடை ஒன்று மாத முடிவில் மூடப்படும் என்ற அறிவிப்பு கடை வாயிலில் ஒட்டப்பட்டிருந்தது. பேருந்து வசதி வேண்டி மனுக் கொடுப்பதற்காகக் கூடியவர்கள் அந்தக் கடையைப் பற்றியும் பேசத் தொடங்கினர். பேச்சு வழக்காயிற்று, வழக்கு இரண்டு மணி நேரம் நீண்டது.

கோலாலம்பூரில் பணிபுரியும் நண்பர் ஒருவர் எழுந்தார். "சம்பளம் வந்த மறுநாளே அதில் ஒரு பங்கு பெட்ரோலுக்கும் டோலுக்கும் போய்விடுகிறது. மீதியை ஒவ்வொரு காசாக எண்ணிச் செலவழிக்கிறேன். பேரங்காடியில் மலிவாகக் கிடைப்பதை இந்தக் கடையில் முப்பது காசு கூடக் கொடுத்து வாங்க எனக்கென்ன தலையெழுத்தா?" என்றார். பலர் தலையாட்டினர். கடைக்காரர் பக்கம் நின்ற மற்றொருவர், "தமிழன் கடையைத் தமிழனே கைவிட்டால் வேறு யார் காப்பாற்றுவார்?" என்று முழங்கினார். அதற்குக் கைதட்டலும் கிடைத்தது. நானோ, தலைமையாசிரியர் என்ற மரியாதைக்காகக் கொடுக்கப்பட்ட முன்வரிசை நாற்காலியில் வாய் திறவாமல் அமர்ந்திருந்தேன். அன்று பேசாததன் விலையை என் மாணவர் இருவர் கொடுத்தனர். அதனைப் பின்னர்ச் சொல்வேன். முதலில் அவ்விரு வாதங்களையும் ஆராய்வோம்.

பண்டமாரானிலிருந்து கோலாலம்பூர் சற்றேறக்குறைய 40 கிலோமீட்டர். போகவர 80. மாதத்திற்கு 22 வேலைநாள் எனக் கொண்டால் 1,760 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் பெட்ரோல் செலவாகும் சிறு கார் ஒன்று இத்தொலைவுக்கு ஏறக்குறைய 140 லிட்டரைக் குடிக்கும். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 30 முதல், தகுதிபெற்ற குடிமக்களுக்கு ரோன் 95 பெட்ரோலின் விலை லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு என வரையறுக்கப்பட்டது. அவ்விலைப்படி மாதத்திற்கு 280 வெள்ளி ஆகிறது. அதே ஆண்டு பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமோ 1,700 வெள்ளி. அச்சம்பளம் வாங்கும் ஒருவர் இவ்வாறு காரில் சென்றுவந்தால் அதில் ஆறில் ஒரு பங்கு எரிந்து புகையாகிறது. விளைச்சலில் ஆறில் ஒன்று மன்னனுக்குரிய இறை என்று நம் பழைய உரையாசிரியர்கள் எழுதி வைத்தார்கள். இன்று அந்த ஆறில் ஒன்றைச் சாலை கேட்கிறது. மன்னனாவது காவல் தந்தான். சாலை நெரிசலைத் தவிர வேறென்ன தருகிறது?

இக்கணக்கில் டோல் கட்டணம் சேரவில்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா, சுங்கை ராசாவ் ஆகிய இரு டோல் சாவடிகளும் 2018 ஜனவரி முதல் நாள் நீக்கப்பட்டன என்பது உண்மை. ஆயின், பண்டமாரானில் தொடங்கி ஸ்ரீ பெட்டாலிங் வரை செல்லும் கெசாஸ் நெடுஞ்சாலையில் செல்வோர் கட்டணம் செலுத்தியே ஆக வேண்டும். டயர் தேய்மானம், எஞ்சின் எண்ணெய், நகரத்தில் கார் நிறுத்தும் செலவு ஆகியவையும் சேரவில்லை. நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று மணி நேரம் வாழ்நாளிலிருந்து கழிகிறதே, அதற்கு விலையே இல்லை. மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லையே எனலாம். நம் நாட்டுச் சாலை விபத்துகளில் மடிவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே என்பதை எண்ணிப் பார்த்தால், அவர்கள் கொடுக்கும் கட்டணம் எத்தகையது என்பது விளங்கும்.

இத்தனையும் வாய்பேசாமல் கொடுக்கும் நண்பர், முப்பது காசுக்காகக் கடைக்காரரோடு வழக்காடுகிறார். ஏன்? பெட்ரோல் நிலையத்துக் குழாய்க்கு முகம் இல்லை. டோல் சாவடியில் அட்டையைக் காட்டினால் கம்பி உயர்கிறது, கேள்வி கேட்க ஆள் இல்லை. கடைக்காரருக்கோ முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, நம்மைத் தெரிந்தும் இருக்கிறது. ஆகவே கையில் அகப்பட்டவர்மேல் சினம் பாய்கிறது.

பேரங்காடி மலிவு என்பதை நான் மறுக்கவில்லை. வேலைக்குப் போய்த் திரும்பும் வழியில் அரிசி மூட்டையும் எண்ணெய்ப் புட்டியும் வாங்கி வருபவர் கெட்டிக்காரரே. ஆனால் சனிக்கிழமை மாலையில் குடும்பத்தோடு காரில் ஏறி, மலிவு தேடிச் செல்கிறோமே, அந்தக் கணக்கை யாரேனும் எழுதியது உண்டா? பொருளில் ஐந்தாறு வெள்ளி மிச்சம். பெட்ரோலுக்கும் கார் நிறுத்தவும் அதில் பெரும்பகுதி போயிற்று. பிள்ளைகள் பசி என்றார்கள். இருபது, முப்பது வெள்ளி அங்கேயே உணவுக்குப் போயிற்று. பட்டியலில் இல்லாத பொருள் நான்கு வண்டியில் ஏறிற்று. இவ்வாறு ஐந்து வெள்ளியை மிச்சப்படுத்த ஐம்பது வெள்ளியைச் செலவிட்டு, கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று ஊருக்குச் சொல்கிறோம்.

இனி, 'தமிழன் கடை' என்று முழங்கியவரின் வாதத்திற்கு வருவோம். இனப்பற்றை விலைச்சீட்டாக ஒட்டுவதை நான் ஏற்கவில்லை. என் தந்தையார் கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். அத்தோட்டத்தின் ஒரே மளிகைக் கடையும் தமிழர் கடைதான். பொருளை வாங்கினால் கடைக்காரர் தம் பற்றுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். என்ன எழுதினார் என்பது என் தந்தைக்குத் தெரியாது. சம்பள நாளில் பழைய பற்றைக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே புதிய பற்றைத் தொடங்கி வருவார். அருகில் இருந்த கடைதான், நம்மவர் கடைதான், ஆயினும் அது எங்களுக்குத் தளையாகவே இருந்தது. வேறு வழியற்றவனுக்கு அண்மையும் ஒரு சிறை.

இந்த உண்மையை நம் பாட்டாளிகள் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை நம் மாணவர்கள் அறிய வேண்டும். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்ற அப்போராட்டத்தில் கூலி உயர்வு மட்டும் கேட்கப்படவில்லை. பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், உற்றார் உறவினர் தோட்டத்திற்குத் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். அக்கோரிக்கைகளுள் ஒன்று, துரைமாரும் தோட்டத்து உத்தியோகத்தரும் எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற இழிவு ஒழிய வேண்டும் என்பது. அரசு நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது, படையை ஏவியது, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். சைக்கிளில் நிமிர்ந்து அமர்ந்து தன் விருப்பப்படி தன் வழியே செல்லும் உரிமையும் கேட்கப்பட்ட போராட்டம் அது. தொலைவு செல்ல முடிவது அன்று விடுதலையாக இருந்தது.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் தாமான்களாயின. 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை இன்று 530-ஐ ஒட்டி நிற்கிறது. லயத்து வாசலில் இருந்த வேலை ஷா ஆலாம் தொழிற்சாலைக்கும் கோலாலம்பூர் அலுவலகத்திற்கும் போய்விட்டது. நடந்து போன பள்ளிக்கு இன்று வேன் கட்டணம் கொடுக்கிறோம். செல்லும் உரிமை கிட்டிற்று. செல்லாமல் இருக்கும் உரிமை பறிபோயிற்று. எல்லாவற்றுக்கும் தொலைவு போயே ஆக வேண்டும் என்ற நிலையும் அந்த ஒற்றைக் கடையைப் போன்ற தளைதான்.

ஆகவே, பக்கத்துக் கடை வாழ வேண்டும் என்று நான் வாதிடுவது அது தமிழர் கடை என்பதற்காக அன்று. அவசரகாலத்தில் வேலியிட்டுக் குடியேற்றப்பட்ட சீன மக்களின் புதுக்கிராமமாகத் தோன்றிய ஊர் பண்டமாரான். இங்கே சீனர் கடையில் தமிழர் மீன் வாங்குவதும், தமிழர் கடையில் மலாய்க்காரர் மசாலைத்தூள் வாங்குவதும் அன்றாட வழக்கம். யார் கடையாயினும், நடந்து சென்றடையும் தொலைவில் ஒரு கடை இருப்பது தெருவுக்கே பாதுகாப்பு. கார் இல்லாத முதியவரும், உரிமம் இல்லாத தாயும், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குப் பார்லி வாங்க ஓடும் சிறுவனும் பேரங்காடிக்கு எப்படிப் போவார்கள்?

கூட்டம் முடிந்த அந்த மாதக் கடைசியில் கடை மூடப்பட்டது. அதன் முன்னே ஒரு பலகை இருக்கை இருந்தது. என் பள்ளியின் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியும் முதலாம் ஆண்டில் பயிலும் அவள் தம்பியும் நாள்தோறும் பள்ளி விட்டதும் அப்பலகையில்தான் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். தாயார் ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலை. மிகைநேரம் பார்த்துத் திரும்ப மாலை ஆறரை ஆகும். கடைக்காரரின் மனைவி ரொட்டியும் தேநீரும் கொடுத்துக் கணக்கில் எழுதி வைப்பார். மாதக் கடைசியில் தாயார் தீர்ப்பார். இந்த ஏற்பாடு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கடை மூடப்பட்ட பிறகே எனக்கும் தெரிந்தது.

கடை மூடிய மறுநாள் அவ்விரு பிள்ளைகளும் பள்ளிக் கதவருகே புத்தகப் பையின்மேல் அமர்ந்திருந்தார்கள். என் ஆசிரியைகள் முறைவைத்துக் காத்திருந்தனர். எத்தனை நாளுக்கு இயலும்? அந்தத் தாய் மிகைநேர வேலையை விட்டார். வருமானம் குறைந்தது. அடுத்த மாதம் என் அறைக்கு வந்து, தொழிற்சாலைக்கு அருகிலேயே வீடு பார்க்கப் போவதாகவும், பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்றக் கடிதம் வேண்டும் என்றும் கேட்டார். "அங்கே பக்கத்தில் தமிழ்ப்பள்ளி இல்லை சார், எந்தப் பள்ளி கிடைக்கிறதோ அதில் போட வேண்டியதுதான்" என்று சொல்லித் தலைகுனிந்தார். நான் கையெழுத்திட்டேன். கடைக்குப் போன முப்பது காசைக் காப்பாற்றிய எங்கள் ஊர், தமிழ்ப்பள்ளி மாணவர் இருவரை இழந்தது.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது கடைக்காரரின் கடமையா என்று கேட்கலாம். அன்று. பலகைக்கு வாடகை கேட்காமல் அதனை அவர் செய்தார், அவ்வளவே. அப்பணியை ஊர் தன் பொறுப்பாக ஏற்றிருக்க வேண்டும். அந்தப் பொறுப்பின்மையில் எனக்கும் பங்குண்டு.

அவ்வாறாயின் செய்ய வேண்டியது என்ன? முதலாவதாக, பயணச் செலவின் சினம் போகவேண்டிய இடத்திற்குப் போகட்டும். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு 1890-இலும், துறைமுகத்திற்கு 1901-ஐ ஒட்டியும் இரயில் வந்துவிட்டது. 1995-இல் மின்சாரக் கோமுட்டர் இரயிலும் வந்தது. ஆயினும் பண்டமாரானின் பல தெருக்களிலிருந்து நிலையத்திற்கு நடந்து போக இயலாது. 2015 முதல் சிலாங்கூரில் கட்டணமில்லாப் பேருந்து ஓடுகிறது. அத்தகைய பேருந்து தொழிற்சாலை முறைமாற்ற நேரத்திற்கும் இரயில் நேரத்திற்கும் இசைய ஓடினால்தான் உழைப்பவருக்குப் பயன்படும். கிள்ளான் 2024 பிப்ரவரியில் அரச மாநகராக உயர்ந்தது. மாநகர் என்ற பெயர் வந்தால் போதுமா? குடியிருப்பிலிருந்து நிலையம் வரையுள்ள அந்தக் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரைக் கடத்திவிடுவதே மாநகரத்தின் முதல் இலக்கணம். மனுவை அங்கே கொடுங்கள்; சினத்தையும் அங்கே காட்டுங்கள்.

இரண்டாவதாக, கடைக்காரர்களுக்கு ஒரு சொல். பற்றைக் கேட்குமுன் தகுதியைக் காட்டுங்கள். சட்டமே வேண்டும் விலைச்சீட்டை ஒட்டுங்கள். கெட்டுப்போகும் காய்கறியை நல்லதோடு கலக்காதீர்கள். பற்றுக் கணக்கை வாங்குபவரும் வாசிக்கும்படி எழுதுங்கள். நாலைந்து கடைக்காரர் சேர்ந்து மொத்தமாகக் கொள்முதல் செய்தால் அந்த முப்பது காசில் பாதியைக் குறைக்க முடியாதா? என் தந்தை காலத்துத் தோட்டக் கடைக்கு உங்கள் கடை மறுப்பாக இருக்க வேண்டும், தொடர்ச்சியாக அன்று.

மூன்றாவதாக, என் ஆசிரிய நண்பர்களே, இது நம் வகுப்பறைக்குரிய பாடம். கணக்குப் பாடத்தில் கற்பனைத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்கிறோம். அதற்கு மாறாக, 'உங்கள் வீட்டு மோட்டாரோ காரோ ஒரு மாதத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எத்தனை வெள்ளி ஆகிறது, பக்கத்துக் கடையில் எவ்வளவு செலவாகிறது, பேரங்காடியில் எவ்வளவு செலவாகிறது' என்று நான்கு பத்தி வரைந்து எழுதி வரச் சொல்லுங்கள். தமிழ் வகுப்பில் அதையே கட்டுரையாக்கச் சொல்லுங்கள். மாணவர்களே, பெற்றோரைக் குற்றம் சாட்டுவதற்காக அன்று. அவர்கள் எவ்வளவு தொலைவு போய் உங்களை வளர்க்கிறார்கள் என்பதை அறிவதற்காக எழுதுங்கள்.

மூடிய கடையின் முன் அந்தப் பலகை இன்னும் கிடக்கிறது. நாங்கள் பள்ளி நூலகத்தை மாலை ஆறரை வரை திறந்து வைக்கத் தொடங்கியிருக்கிறோம். பெற்றோர் சிலரும் ஆசிரியர் சிலரும் முறைவைத்து அமர்கிறார்கள். ஏழு பிள்ளைகள் வருகிறார்கள். போன இருவருக்கு இது உதவவில்லை. அடுத்த கடையின் வாயிலில் அறிவிப்பு ஒட்டப்படும் நாளிலேனும் முன்வரிசையில் வாய்மூடி அமர்ந்திருக்க மாட்டேன். நீங்களும் அமர்ந்திருக்க வேண்டாம்.