பத்திரிகைக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்க முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

விளாத்திகுளம் பக்கத்தில் ஓர் ஏக்கர் கரிசல் கைமாறினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிறது. பட்டாவில் பெயர் மாறுகிறது. சந்தேகம் உள்ளவர் யாராக இருந்தாலும் 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அதே ஊர் டீக்கடையில் காலையில் நாலு பேர் பங்கு போட்டுப் படிக்கிற நாளிதழ் போன மாதம் வேறொருவர் கைக்குப் போயிருந்தால், அந்த நாலு பேருக்கும் அது தெரிய வழியில்லை. தலைப்பெழுத்து அதே, விலை அதே, ராசிபலன்கூட அதே. முதலாளி மட்டும் வேறு. இந்த மௌனத்துக்கு எதிராகத்தான் இந்தக் கடிதம்.

பத்திரிகையை விற்கக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. தலைநகர் சென்னையின் பத்திரிகை வரலாறே பாதி விற்ற கதை, பாதி வாங்கிய கதை. முத்துசாமி ஐயரை உயர் நீதிமன்ற நீதிபதியாக்கியதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் ஏசியபோது, பதில் சொல்வதற்காக ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 1878 செப்டம்பரில் ‘தி இந்து’வை 80 பிரதிகள் அச்சடித்தார்கள். அந்த அறுவரில் முதல்வரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1898-ல் விலகிப் போனார். 1905-ல் கஸ்தூரிரங்க ஐயங்கார் அதை 75,000 ரூபாய்க்கு வாங்கினார்.

விலகிய ஐயர் சும்மா இருக்கவில்லை. 1882-ல் வாரப் பத்திரிகையாகத் தாம் தொடங்கியிருந்த ‘சுதேசமித்திர’னை 1899-ல் நாளிதழாக்கினார். அடுத்த ஊரான எட்டயபுரத்திலிருந்து போன பாரதி, 1904-ல் அதில்தான் உதவியாசிரியராகச் சேர்ந்தார். 1908-ல் ராஜத்துரோக வழக்கில் கைதான ஐயர், உடல் நலிந்த நிலையில் 1915-ல் பத்திரிகையை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். புதுவை வாசம் முடிந்து 1920-ல் பாரதி திரும்பவும் வேலைக்கு வந்தபோது, நாற்காலி பழசு, முதலாளி புதிது. ரங்கசாமி ஐயங்கார் சுயராஜ்யக் கட்சியின் முக்கியஸ்தர். மத்திய சட்டசபை உறுப்பினர். பத்திரிகை எந்தப் பக்கம் சாயும் என்பதில் வாசகருக்குச் சந்தேகமே வந்திருக்காது. 1928-ல் அவர் ‘தி இந்து’வுக்கு ஆசிரியராகப் போனார், ‘சுதேசமித்திரன்’ சி.ஆர். சீனிவாசன் கைக்கு வந்தது. மவுண்ட் ரோட்டில் ஒயிட்அவே லெய்ட்லா என்ற ஆங்கிலேயர் கடை இருந்த மாளிகைக்கே ஒரு காலத்தில் குடிபோன அந்தப் பத்திரிகை பிற்பாடு நின்றுபோயிற்று. கட்டடமோ தவணையில் சாமான் விற்ற வி.ஜி.பி. நிறுவனத்தின் வசமானது.

இத்தனை கைமாற்றத்திலும் ஒரு சௌகரியம் இருந்தது. வாங்கியவரே ஆசிரியர். தலையங்கம் பிடிக்கவில்லையென்றால் யாரைத் திட்டுவது என்று வாசகருக்குத் தெரியும்.

‘மெட்ராஸ் மெயில்’ கதையில்தான் அந்த வசதி கழன்றுகொள்கிறது. 1868-ல் லாசன், கார்னிஷ் என்ற இரு பத்திரிகைக்காரர்கள் தொடங்கிய இதழ், 1921-ல் ஸ்பென்சர் கம்பெனியின் ராபின்சனிடம் போனது. 1945-ல் சிம்ப்சன் குழுமத்தின் அனந்தராமகிருஷ்ணன் வாங்கினார். 1981-ல் மூடப்பட்டது. வியாபாரிகள் பத்திரிகை வாங்குவது குற்றமல்ல. ஆனால் முதலாளியின் சரக்கைப் பற்றிய செய்தியை அவருடைய பத்திரிகையிலேயே படிக்கிறவருக்கு அந்த உறவு தெரிந்திருக்க வேண்டாமா?

இந்தச் சங்கடம் அரசுக்குத் தெரியாததல்ல. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் உரிமையாளர் விவரத்தை அச்சிட வேண்டும். மூலதனத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்களின் பெயரும் அதில் வர வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு விதிகள் கட்டாயமாக்கின. நல்ல விதிதான். ஆனால் அது டெண்டர் நோட்டீசுக்குப் பக்கத்தில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் வரும். பங்குதாரர் இன்னொரு கம்பெனி என்றால் அந்தக் கம்பெனியின் பெயர் இருக்கும். அதற்குப் பின்னால் நிற்கும் ஆள் இருக்க மாட்டார். ஏப்ரலில் கைமாறினால் அடுத்த மார்ச் வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு 2023-ல் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். பத்திரிகை நடத்துவோர் மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழி கொடுக்கும் அலைச்சல் தீர்ந்தது. படிப்பவர் பாடு பழையபடியே.

யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று இந்தக் கடற்கரைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சி. பதிவுசெய்த சுதேசிக் கப்பல் கம்பெனி, 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளை வைத்தது. இந்தியர், இலங்கையர் முதலான ஆசியர் தவிர வேறெவரும் அதை வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. பிரிட்டிஷ் கம்பெனி பின்வாசல் வழியாகப் பங்கு வாங்கி உள்ளே வந்துவிடக் கூடாதல்லவா? கப்பலுக்குக் காட்டிய ஜாக்கிரதையில் கால்வாசியாவது பத்திரிகைக்குக் காட்டலாம்.

அமெரிக்கத் தலைநகரின் ‘வாஷிங்டன் போஸ்ட்’ 2013-ல் கிரஹாம் குடும்பத்திடமிருந்து அமேசான் அதிபர் ஜெஃப் பெசோஸுக்கு 25 கோடி டாலருக்குப் போனது. செய்தியை அந்தப் பத்திரிகையே வெளியிட்டது. அமேசான் பற்றி எழுதும்போது முதலாளி யார் என்பதையும் ஒரு வரியில் சொல்கிறார்கள். 2024 அக்டோபரில், அதிபர் தேர்தலில் எவரையும் ஆதரிப்பதில்லை என்று பெசோஸ் முடிவெடுத்தபோது சில நாட்களுக்குள் இரண்டரை லட்சம் சந்தாதாரர்கள் விலகினார்கள். அது சரியா தவறா என்பது வேறு விவகாரம். யார் மேல் கோபப்படுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெசோஸும் தம் பெயரிலேயே ஒரு விளக்கம் எழுத வேண்டிவந்தது.

இங்கே கேட்பது பெரிய காரியம் அல்ல. உரிமை கைமாறிய ஒரு வாரத்துக்குள் முதல் பக்கத்தில், வழக்கமான எழுத்தளவில், வாங்கியவர் பெயரும் அவருக்குள்ள மற்றத் தொழில்களும் வர வேண்டும். கம்பெனி வாங்கியிருந்தால் அதன் கடைசி முதலாளி வரை சொல்ல வேண்டும். மத்திய அரசு இதை விதியாக்க வேண்டும். சட்டம் வரும்வரை தாங்கள் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை: வருகிற ஞாயிறு இதழின் முதல் பக்கத்திலேயே தங்கள் பத்திரிகையின் பங்குதாரர் பட்டியலை வெளியிடலாமே?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
விளாத்திகுளம்.