முடிவைச் சொல்லக் கூடாதாம்!

மர்ம நாவல் பற்றி எழுதப் புகுவோர் தவறாமல் கடைப்பிடிக்கும் சம்பிரதாயம் ஒன்று உண்டு. கதையைப் பாதிவரை சொல்வார்கள், பாத்திரங்களைப் புகழ்வார்கள், நடை விறுவிறுப்பானது என்பார்கள். பிறகு, முடிவைச் சொல்லி வாசக அனுபவத்தைக் கெடுக்க விரும்பவில்லை என்று கைகழுவி விடுவார்கள். இதற்கு நாகரிகம் என்று பெயர். நாகரிகமன்று, விமரிசனத்தைத் தட்டிக்கழிக்கும் உபாயம் என்பதே நம் கட்சி. அண்மையில் ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்த மூன்று நாவல்களைக் கொண்டு இதை நிறுவ முயல்வோம். மூன்றின் முடிவையும் சொல்லத்தான் போகிறோம். விரும்பாதோர் இங்கேயே விடைபெறலாம்.

எதிர்முகாமும் இந்தச் சம்பிரதாயத்துக்குத் துணைபோவதுதான் வேடிக்கை. 'ரோஜர் அக்ராய்டை யார் கொன்றால் யாருக்கென்ன?' என்று தலைப்பிட்டு 1945இல் 'நியூ யார்க்கர்' இதழில் எழுதிய அமெரிக்க விமரிசகர் எட்மண்ட் வில்சன், துப்பறியும் நாவல் என்ற வகையையே ஏறத்தாழ முழுதாகத் தள்ளுபடி செய்தார். நம் தீவிர இலக்கிய வட்டங்களிலும் இதே குரலைக் கேட்கிறோம். விடை தெரிந்ததும் தூக்கி எறியத்தக்க சரக்காம் அது. ரசிகரோ விடையைச் சொல்லாதே என்கிறார். நாவல் என்பது அதன் விடை மட்டுமே என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஒருவர் அதைப் பெட்டியில் பூட்டுகிறார். மற்றவர் குப்பையில் போடுகிறார்.

முதலில் கெய்கோ ஹிகாஷினோ. 2005இல் ஜப்பானில் வெளிவந்து நவோகி விருது பெற்ற 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' நாவலில், தொல்லை கொடுக்க வந்த முன்னாள் கணவனை யாசுகோ என்ற பெண்ணும் அவள் மகளும் கொன்றுவிடுகிறார்கள். பக்கத்துக் குடியிருப்பில் வசிக்கும் கணித ஆசிரியர் இஷிகாமி அவர்களைக் காக்க முன்வருகிறார். கொலையாளி யாரென்பது தொடக்கத்திலேயே தெரியும். மறைத்தது எப்படி என்பதே புதிர். விடை இது: ஆற்றங்கரையில் முகம் சிதைந்து கிடந்த உடல் அந்தக் கணவனுடையதன்று. மறுநாள் இஷிகாமியே கொன்ற வீடற்ற ஒருவனுடையது. அந்த மறுநாளில் யாசுகோ வேறிடத்தில் இருந்ததற்குச் சாட்சி உண்டு.

இந்நாவலைத் தன்னலமற்ற காதலின் காவியமாகக் கொண்டாடுவோர் பலர். தியாகம் சரி, அதற்கு விலையாகப் போனது யாருடைய உயிர்? இஷிகாமி நாள்தோறும் கடந்துசெல்லும் ஆற்றோரத்து மனிதர்களில் ஒருவனுடையது. காணாமற்போனால் தேட ஆளில்லை என்பதே அவனுடைய தகுதி. முதல் அத்தியாயத்திலேயே அம்மனிதர்கள் நம் கண்முன் வருகிறார்கள். நாமும் இஷிகாமியைப் போலவே கடந்துபோகிறோம். ஆசிரியர் நம் அலட்சியத்தைக் குற்றமாகச் சுட்டுகிறாரா, அல்லது அவனைக் கணக்கின் ஓர் உறுப்பாக மட்டுமே கையாள்கிறாரா? இறுதிக் கண்ணீரெல்லாம் இஷிகாமிக்கே ஒதுக்கப்படுவதால் பின்னதே என்பது நம் தீர்ப்பு. மறுப்போர் மறுக்கட்டும். ஆனால் முடிவைப் பேசாமல் இவ்வழக்கைத் தொடங்கவே இயலாது.

அடுத்து, சுவிட்சர்லாந்தின் பிரீட்ரிக் டூரன்மாட் 1958இல் எழுதிய 'தி பிளெட்ஜ்'. துப்பறியும் நாவலுக்கு ஓர் இரங்கற்பா என்பது அதன் துணைத்தலைப்பு. இதே கதைக்கு அவர் முதலில் திரைக்கதை எழுதினார். அப்படத்தில் கொலைகாரன் அகப்படுகிறான். அது அவருக்கு நிறைவளிக்கவில்லை. நாவலில் மத்தேயி என்ற காவல் அதிகாரி, சிறுமிகளைக் கொல்பவனைப் பிடிக்க இன்னொரு சிறுமியைத் தூண்டில் இரையாக்கிப் பெட்ரோல் நிலையமொன்றில் காத்திருக்கிறார். அவன் வரவில்லை, ஏனெனில் வரும் வழியில் கார் விபத்தில் இறந்துவிட்டான். இதை அறியாத மத்தேயி காத்திருந்தே சிதைந்துபோகிறார். அவருடைய அனுமானம் முற்றிலும் சரி. வாழ்க்கைதான் அதற்கு ஒத்துழைக்கவில்லை. அறிவின்மீது நாம் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு விழுந்த இந்த அடியை விலக்கிவிட்டு இந்நாவலில் எதைப் பாராட்டுவது?

மூன்றாவது, இத்தாலியின் லியோனார்டோ ஷாஷா 1961இல் எழுதிய 'தி டே ஆஃப் தி அவ்ல்'. சிசிலியில் பேருந்து ஏறப்போன ஒப்பந்தக்காரர் சுடப்படுகிறார். பயணிகள் நழுவிவிடுகிறார்கள், எவரும் எதையும் பார்க்கவில்லையாம். வடக்கிலிருந்து வந்த கேப்டன் பெல்லோடி உண்மையைக் கண்டுபிடிக்கிறார். ஆனால் அவர் விடுப்பில் ஊர் சென்றிருக்கையில் பொய்ச் சாட்சியங்களால் வழக்கு உடைந்துபோகிறது. மாஃபியா என்ற ஒன்றே இல்லை என்று அரசியல்வாதிகள் சாதித்துக்கொண்டிருந்த காலம் அது. மாஃபியா அமைப்பில் சேர்ந்திருப்பதையே குற்றமாக்கும் சட்டம் 1982இல்தான் அங்கே வந்தது. ஊரே மூடி மறைப்பதைச் சொல்லும் நாவலின் முடிவை நாமும் மூடி மறைப்பது எவ்வளவு பொருத்தம்!

முதல் வாசிப்பின் வியப்பு போய்விடாதா என்று கேட்பார்கள். அவ்வியப்பை நாம் இழிவாகக் கருதவில்லை. புது நூலை அறிமுகம் செய்யும் மதிப்புரை முடிவைக் காக்கட்டும். மதிப்புரை வாங்குவோருக்கு, விமரிசனம் வாசித்தோருக்கு. இவ்விரண்டையும் ஒன்றாக்கியதால் மர்ம நாவலுக்கு மதிப்புரைகள் குவிகின்றன; விமரிசனம் பிறக்கவில்லை.

நம் மரபுக்கு இந்த அச்சம் புதிது. கோவலன் கொலையுண்டதையும் பாண்டியன் வீழ்ந்ததையும் சிலப்பதிகாரத்தின் பதிகமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. அதனால் வழக்குரை காதையின் சூடு தணிந்ததாக எவரும் சொன்னதில்லை. கூத்துக் களரியில் விடியவிடிய அமர்ந்திருப்போரும் துச்சாதனன் கதி அறியாதவர்களல்லர். விடை தெரிந்த பின்பும் தாங்கி நிற்பதே இலக்கியம் எனில், மர்ம நாவலையும் அந்தத் தேர்வில் உட்கார வைப்போம். தோற்பவை தோற்கட்டும், பெரும்பாலானவை தோற்கும் என்பதே நம் கணிப்பு. ஆனால் தேர்வே வேண்டாமென்று காப்பது அந்நாவல்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. ஆற்றங்கரையில் கொல்லப்பட்ட அந்த வீடற்றவனுக்கோ, அது இன்னொரு முறை செய்யும் அநீதி.