புதுமை யாருக்காக?

புதுமையே வேண்டாம் என்பவன் மாணவனாக இருக்கத் தகுதியற்றவன். எந்தப் புதுமை வந்தாலும் ஆராயாமல் கைதட்டி வரவேற்பவனும் சிந்திக்கத் தெரிந்தவன் ஆகான். இவ்விரு நிலைகளுக்கும் இடையே நின்று, நம் மன்றத்து நண்பர்கள் முன் ஒரு கேள்வியை வைக்க விரும்புகிறேன். நாம் நாள்தோறும் கையாளும் இணையச் செயலிகளில் புதிய வசதிகள் புகுத்தப்படுகின்றன. திரையின் அமைப்பு மாற்றப்படுகிறது. "மேம்படுத்தப்பட்டுள்ளது" என்று ஓர் அறிவிப்பும் தோன்றுகிறது. யாருக்கு மேம்பாடு? செய்தவருக்கா, பயன்படுத்துபவருக்கா?

இக்கேள்வியைத் திருவனந்தபுரத்தில் எழுப்புவதற்குத் தனிக் காரணம் உண்டு. கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் இந்நகரில் அறிவிக்கப்பட்டது. அதற்கு வழிகாட்டியதும் நம் மாவட்டமே. புல்லம்பாறை ஊராட்சி 2022ஆம் ஆண்டிலேயே அப்பெருமையை அடைந்துவிட்டது. தொண்டர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். வேலை உறுதித் திட்டத்தில் உழைப்போரைத் தேடி அவர்கள் பணிசெய்யும் இடங்களுக்கே சென்றார்கள். மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 21.87 லட்சம் மக்கள் பயிற்சி பெற்றுத் தேறினார்கள். முதுமையின் எல்லையில் நிற்பவர்களும் கைப்பேசியைக் கையில் எடுத்துக் காணொளியில் பேசினார்கள். அரசுச் சேவைகளைத் தாமே பெறக் கற்றார்கள். இது சிறு செயலன்று.

ஆயினும், அம்மக்கள் கற்றது எதை என்று எண்ணிப் பாருங்கள். கணிப்பொறி இயங்கும் விதத்தை அவர்கள் கற்கவில்லை. கற்க வேண்டிய தேவையும் இல்லை. எந்தப் பொத்தானை முதலில் அழுத்துவது, அடுத்த திரையில் எங்கே நோக்குவது, எண்ணை எங்கே இடுவது என்பவற்றையே கற்றார்கள். அவர்கள் கல்வி முழுவதும் திரையின் அமைப்பில் தங்கியிருக்கிறது. 1991ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், கோழிக்கோட்டில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அன்று எழுத்துக் கற்ற முதியவர் அதன்பின் வாழ்நாள் முழுவதும் அதே எழுத்தைப் படித்தார். அகரம் ஓர் இரவில் உருமாறி, மறுநாள் காலை அவரைத் திகைக்க வைக்கவில்லை. இன்று திரையைக் கற்ற முதியவருக்கு அந்த உறுதி உண்டா? பொத்தான் இடம் மாறிய அன்றே அவர் மறுபடியும் எழுதப் படிக்கத் தெரியாதவர் ஆகிறார். கொடுத்த கல்வியை ஓசையில்லாமல் திரும்பப் பறிப்பதற்கு இது ஒப்பாகும்.

நான் மாற்றத்திற்குப் பகைவன் அல்லேன். இந்நகரத்தின் வரலாறே மாற்றத்தின் நன்மைக்குச் சான்று. மின்கட்டணத்திற்கு ஒரு வரிசை, தண்ணீர்க் கட்டணத்திற்கு ஒரு வரிசை, வரிக்கு இன்னொரு வரிசை என்று மக்கள் அலைந்த காலம் ஒன்று இருந்தது. 2000ஆம் ஆண்டில் 'பிரண்ட்ஸ்' என்னும் பொதுச்சேவை மையம் இங்கே தொடங்கியதும், பல கட்டணங்களை ஒரே இடத்தில் செலுத்த வழி பிறந்தது. 2002இல் மலப்புறம் மாவட்டத்தில் தொடங்கிய அக்ஷயா மையங்கள் பின்னர் மாநிலமெங்கும் பரவின. 2024ஆம் ஆண்டின் முதல் நாளில் 'கே-ஸ்மார்ட்' என்னும் செயலி 6 மாநகராட்சிகளுக்கும் 87 நகராட்சிகளுக்கும் வந்தது. பிறப்பும் இறப்பும் திருமணமும் பதிவு செய்வது, கட்டட அனுமதி பெறுவது, வரி செலுத்துவது எல்லாம் ஒரே தளத்தில் அடங்கின. மணமக்கள் அலுவலகப் படியேறாமல், காணொளி வழியாகத் தம்மை மெய்ப்பித்துத் திருமணத்தைப் பதிவு செய்யலாம். கடல் கடந்து பிழைக்கச் சென்ற பிள்ளைகள் மிகுந்த இம்மாநிலத்தில் இதன் அருமையை யார் மறுப்பார்? விடுமுறை முடிவதற்குள் சான்றிதழ் வேண்டி அலுவலகம் அலுவலகமாக ஓடியவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆகவே, புதிய வசதிகளை இரு வகையாகப் பிரித்துக் காண வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, மக்களின் இடருக்கு விடையாகப் பிறக்கும் வசதி. மற்றொன்று, செய்பவரின் ஆசைக்காகவோ வசதிக்காகவோ பிறக்கும் வசதி. கொரோனாத் தடுப்பூசிக்காக 2021 சனவரியில் இந்திய அரசு தொடங்கிய 'கோவின்' தளம் இதற்கு நல்ல பாடம். நாள் குறித்துவிட்டுப் போகாமல் இருந்தவர்களுக்கும் "ஊசி போடப்பட்டது" என்ற செய்தி வந்தது. மக்கள் முறையிட்டார்கள். உடனே அவ்வாண்டு மே மாதத்தில் நான்கு இலக்க இரகசிய எண் ஒன்று புகுத்தப்பட்டது. அதனைச் சொன்னால்தான் ஊசி போட்டதாகப் பதிவாகும். சிறிய வசதிதான், ஆனால் முறையீட்டுக்கு நேரான விடை. இதுவே மேம்பாடு.

அதே தளத்தின் மற்றொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 18 வயது முதல் 44 வயது வரையுள்ளோர்க்கு ஊசி திறந்துவிடப்பட்டபோது, இணையத்தில் முன்பதிவு செய்தே ஆக வேண்டும் என்றார்கள். இணையம் இல்லாத ஏழை என்ன செய்வான் என்று உச்ச நீதிமன்றமே கேட்டது. பின்னர்தான் நேரில் சென்று பதிவு செய்யும் வழி மெல்ல மெல்லத் திறக்கப்பட்டது. இந்திய மொழிகளில் அத்தளம் வந்ததும் சூன் மாதத்தில்தான். அப்போதும் முதற் பட்டியலில் தமிழ் இல்லை. குரல் எழுந்த பிறகே சேர்க்கப்பட்டது. உயிர் காக்கும் மருந்துக்குரிய வாயிலிலேயே மொழி கடைசியில் வந்து நின்றது என்றால், மற்ற வாயில்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

மக்களின் கைக்கும் கண்ணுக்கும் பழகிய ஒன்றை மாற்றுவது இன்று பிறந்த சிக்கலும் அன்று. எழுத்தையே மாற்றிய இரு நிகழ்ச்சிகள் நம் இரு மொழிகளிலும் உண்டு. 1971இல் கேரள அரசு மலையாள எழுத்தைச் சீர்திருத்தியது. தட்டச்சுப் பொறியின் விசைகளுக்குள் அத்தனை கூட்டெழுத்துகளும் அடங்கவில்லை. ஆகவே எழுத்தைப் பிரித்து, பொறிக்கு ஏற்ப அமைத்தார்கள். சில பத்தாண்டுகளில் கணிப்பொறி வந்தது. எத்தனை கூட்டெழுத்தையும் அதனால் காட்ட முடிந்தது. மாற்றத்துக்குக் காரணமாக இருந்த பொறி மறைந்தது. மாற்றம் மட்டும் நின்றது. அச்சில் ஒரு வடிவமும் கையெழுத்தில் மற்றொரு வடிவமுமாக மக்கள் வாழ்ந்தார்கள். 2022இல் அரசு அமைத்த குழுவே பழைய வடிவங்கள் சிலவற்றுக்குத் திரும்பலாம் என்று பரிந்துரைக்கும் நிலை வந்தது. பொறிக்காக மனிதனை வளைத்தால் வரும் விளைவு இது.

தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்தின் போக்கு வேறு. பெரியார் 1935இல் தம் 'குடி அரசு' இதழில் புதிய வடிவங்களைக் கையாளத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசு அவற்றை ஏற்றது 1978இல். இடையே 43 ஆண்டுகள்! அக்காலம் முழுவதும் பழைய வடிவமும் புதிய வடிவமும் அருகருகே வாழ்ந்தன. அவர் கூறியவற்றுள் ஒரு பகுதியை மட்டுமே அரசு எடுத்துக்கொண்டது. மாறியவை 13 எழுத்துகள். அவையும் ஏற்கெனவே உள்ள துணைக்காலையும் ஐகாரக் குறியையும் கொண்டே அமைந்தன. பழைய எழுத்தைக் கற்றவர் புதியதைப் படிக்கத் தனியே பள்ளிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. சிறுவர்க்குச் சுமை குறைந்தது. முதியவர்க்கும் வழி அடைபடவில்லை. செயலிகளைச் செய்வோர்க்கு இதைவிடச் சிறந்த பாடத்தை நான் காணவில்லை.

"எழுத்தும் செயலியும் ஒன்றா? செயலியில் ஒரு பொத்தான் மாறினால் என்ன குடி முழுகிவிடும்?" என்று சிலர் கேட்கலாம். சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரை நான் அறிவேன். பணம் வந்ததா என்று கைப்பேசியில் பார்ப்பதற்கு அவர் மகள் ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தாள்: முதலில் நீலப் பொத்தான், பிறகு மேலிருந்து மூன்றாவது வரி, பிறகு கீழே தள்ளிப் பார்க்கவும். இரண்டாண்டு அந்த ஏடு அவருக்கு வழித்துணையாக இருந்தது. ஒருநாள் செயலியின் தோற்றம் மாறியது. நீலப் பொத்தான் காணாமற் போயிற்று. மூன்றாவது வரியில் ஏதோ கடன் விளம்பரம் வந்து உட்கார்ந்தது. "பாக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எங் கணக்கு எங்க போச்சுன்னு தெரியலியே!" என்றார்.

அதன்பின் அவர் என்ன செய்தார் தெரியுமா? கைப்பேசியைக் கடைக்கு வரும் பிள்ளைகளிடம் நீட்டினார். இரகசிய எண்ணையும் தாமே வாய்விட்டுச் சொன்னார். எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியவர் மீண்டும் பிறர் தோளைத் தேடுகிறார். தேடும்போது தம் பணப்பெட்டியின் சாவியையும் கொடுத்துவிடுகிறார். இணைய மோசடி மலிந்த காலம் இது. வங்கிகள் "எண்ணை எவரிடமும் சொல்லாதீர்" என்று ஓயாமல் எச்சரிக்கின்றன. தன்னால் முடியாது என்ற எண்ணம் வந்துவிட்ட மனிதனுக்கு அந்த எச்சரிக்கை எப்படிப் பயன்படும்? திரையை மாற்றியவர்கள் ஒரு தோற்றத்தை மாற்றியதாகவே எண்ணியிருப்பார்கள். இங்கே ஒரு மனிதரின் தன்னம்பிக்கை போயிற்று. அதற்கு எந்தக் கணக்கிலும் பதிவில்லை.

பழைய அமைப்பையும் புதிய அமைப்பையும் ஒருங்கே காப்பது செலவு மிகுந்தது, வேலை இரட்டிக்கும் என்பது செயலி செய்வோரின் மறுமொழி. இதில் உண்மை இல்லாமல் இல்லை. பழைய நிரலில் பாதுகாப்புக் குறை கண்டால் மாற்றியே தீர வேண்டும். அதற்கு நாள் பார்க்க முடியாது. ஆனால், எல்லா மாற்றமும் அத்தகைய அவசர மாற்றம் அன்று. விக்கிப்பீடியா தன் தோற்றத்தை அண்மைக் காலத்தில் பெரிதும் மாற்றியது. ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு 2023 சனவரியில் அது வந்தது. கணக்கு வைத்திருப்போர் விரும்பினால் பழைய தோற்றத்தையே வைத்துக்கொள்ளலாம் என்ற வாய்ப்பையும் அது விட்டுவைத்தது. நன்கொடையால் நடக்கும் நிறுவனம் செய்வதைக் கோடி கோடியாக ஈட்டும் நிறுவனங்களால் செய்ய இயலாதா? கே-ஸ்மார்ட்டும் ஒரே நாளில் எல்லா இடங்களுக்கும் செல்லவில்லை; நகரங்களில் தொடங்கி, ஏறத்தாழ 15 மாதங்கள் கழித்து, 2025 ஏப்ரலில் ஊராட்சிகளை அடைந்தது. படிப்படியாகச் செல்ல முடியும் என்பதற்கு வீட்டு வாசலிலேயே சான்று இருக்கிறது.

எனவே நான் வேண்டுவன நான்கு. முதலாவது, திரை மாறுவதற்கு முன்னரே மக்களுக்கு அறிவிக்க வேண்டும். எது எங்கே போகிறது என்று படம் காட்டி விளக்க வேண்டும். இரண்டாவது, பழைய வழி குறிப்பிட்ட காலம் வரையேனும் திறந்திருக்க வேண்டும். அரசுச் சேவையானால் நேரில் செல்லும் வழி என்றும் அடைபடக் கூடாது. மூன்றாவது, மாற்றத்தை வெளியிடுமுன் முதியவர், கண்பார்வை குறைந்தவர், அக்ஷயா மையத்தில் நாள்தோறும் நூறு பேருக்கு விண்ணப்பம் நிரப்புபவர் ஆகியோரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். திறமைமிக்க இளைஞர் பத்துப் பேர் குளிர்சாதன அறையில் சோதித்தது சோதனை ஆகாது.

நான்காவது, மொழி. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையோர் தம் மொழியில் அரசுக்கு எழுதவும், அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் உரிமை தந்திருக்கிறது. அச்சட்டம் பிறந்தபோது குடிமகன் அரசோடு பேசியது கடிதத்தால். இன்று பேசுவது திரையால். கடிதத்துக்குத் தந்த உரிமையைத் திரைக்கும் தருவதே அச்சட்டத்தின் உயிரைக் காப்பதாகும். தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியும் சிற்றூர்த் தாலுகாவின் உழவனும் இதனால் பயன் பெறுவர். ஒவ்வொரு புதிய வசதியையும் திட்டமிடும் நாளிலேயே அதன் தமிழ் வடிவத்தையும் திட்டமிட வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஒட்டுப் போடுவது போதாது.

நண்பர்களே! காரியவட்டம் வளாகத்திலிருந்து பார்த்தால் டெக்னோபார்க் கூப்பிடு தூரம். 1990இல் அது தோன்றிய நாளிலிருந்து நம்மைப் போன்ற மாணவர்கள் அங்கே சென்ற வண்ணம் இருக்கிறார்கள். நாளை நம்மில் சிலரும் அங்கே அமர்ந்து, ஒரு பொத்தானை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்த்தும் வேலையைச் செய்யப் போகிறோம். ஒரு விரலசைவில் அது முடிந்துவிடும். அந்த நொடியில், அந்தப் பொத்தானை நம்பி நிற்கும் கைகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பவரே நல்ல பொறியாளர். அதுவரை நாமும் சும்மா இருக்க வேண்டாம். மாதம் ஒரு ஞாயிறு நம் மன்றத்தார் சாலையிலும் கரமனையிலும் அமர்ந்து, மாறிய திரைகளைப் பெரியோர்க்கு விளக்கிச் சொல்லலாம். அவர்கள் தடுமாறும் இடங்களைக் குறித்துச் செயலி செய்வோர்க்கு எழுதலாம். இதற்குப் பணம் வேண்டியதில்லை. பொறுமை ஒன்று போதும்.