இசை மருந்து அல்ல, துணை!

பேசத் தயங்கும் பிள்ளையும் தாளம் போடும்! "ஆட்டிசம்" உள்ள பிள்ளைகள் பலருக்கு இசை பிடிக்கும்.

1959-ம் ஆண்டு இங்கிலாந்தில், இசை அமைப்பாளர் பால் நார்டாப், ஆசிரியர் கிளைவ் ராபின்ஸ் இருவரும் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு இசைப் பயிற்சி தொடங்கினார்கள். பிள்ளை முரசு தட்டும். பியானோ பதில் சொல்லும். பேச்சும் இப்படித்தானே?

ஆனால், "இசையால் ஆட்டிசம் குணமாகும்" என்று யாராவது பணம் கேட்டால், நம்பவேண்டாம். ஆட்டிசம் நோயே அல்ல! 9 நாடுகளில் 364 சிறுவர்களிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. இசைப் பயிற்சியால் பழகும் திறன் கூடுதலாக வளர்ந்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் இசை வீணா? இல்லை. உயர்நிலைப்பள்ளி வயதில் பிள்ளைக்குத் தேவை, கூட்டாளிகள். பாட்டு வகுப்பில் அவனுக்கும் ஒரு மேளம் கொடுங்கள். இரைச்சல் கூடாது. அவன் தட்டும்வரை மற்ற மாணவர்கள் காத்திருக்கட்டும்.

பழகக் கற்கவேண்டியது அவன் மட்டுமா? மற்றவர்களும்தான்!