காபியின் விலையா, நாற்காலியின் வாடகையா?

சென்னைத் தேநீர்க் கடைகளில் ஒரு காபியின் விலை 2025 செப்டம்பர் முதல் 20 ரூபாய் ஆனது. பால் விலையும் தூள் விலையும் ஏறியதே காரணம் என்றார்கள். அதில் பிழையில்லை. பிரேசிலில் நிலவிய வறட்சியால் அரபிகா கொட்டையின் விலை அந்த ஆண்டு பிப்ரவரியில் உலகச் சந்தையில் ஒரு பவுண்டுக்கு நான்கு டாலரைக் கடந்து, அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. ஆனால், அதே சென்னையில், குளிரூட்டப்பட்ட ஒரு கடையில், அதைவிடச் சிறந்தது என்று சொல்ல முடியாத ஒரு காபிக்கு நான் 240 ரூபாய் கொடுத்திருக்கிறேன். இடையிலுள்ள 220 ரூபாயைப் பிரேசிலின் வறட்சியைக் கொண்டு விளக்க முடியாது.

நெய்வேலியிலிருந்து மாதம் ஒருமுறையேனும் சென்னை செல்பவன் நான். போகும்போதெல்லாம் ஒரு கடையைத் தேடுகிறேன். அது எந்தப் பெருநிறுவனத்தின் கிளையாகவும் இருக்கக் கூடாது. காபி நன்றாக இருக்க வேண்டும். பழைய மாணவர் ஒருவருடன் அரை மணி நேரம் அமர்ந்து பேச இடம் வேண்டும். மயிலாப்பூரில் காபி அருமை. ஆனால் டம்ளரைக் கையில் ஏந்தி நின்றபடியே குடிக்க வேண்டும். அமர இடமுள்ள கடைகளில் விலைப்பட்டியலைப் பார்த்தவுடன் மாணவர், 'வேண்டாம் ஐயா, வீட்டிற்கே போய்விடலாம்' என்கிறார். மூன்று நிபந்தனைகளும் பொருந்திய கடை ஒன்று கிடைத்தது. அடுத்த முறை சென்றபோது அவ்விடத்தில் கைப்பேசி விற்றுக்கொண்டிருந்தார்கள். (நெடுஞ்சாலையோரம் வரிசைகட்டி நிற்கும் 'கும்பகோணம் டிகிரி காபி' பலகைகளைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.)

ஓய்வு பெற்றாலும் கணக்குப் போடும் பழக்கம் விடுவதில்லை. காபித் தூள் கிலோ ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு டம்ளருக்குப் பத்து கிராம் என்றால் பத்து ரூபாய். பாலும் சர்க்கரையும் ஏழெட்டு ரூபாய். இருபது நாற்காலிகள் கொண்ட கடைக்கு மாத வாடகை ஒரு லட்சம் ரூபாய், நாளொன்றுக்கு நூறு காபி விற்பனை என்று கொண்டால், ஒரு காபியின் மீது ஏறும் வாடகை மட்டும் 33 ரூபாய். நின்று குடிக்கும் கடையோ முப்பதாயிரம் ரூபாய் வாடகையில் நாளுக்கு அறுநூறு காபி விற்கும். அங்கே இந்தச் சுமை இரண்டு ரூபாய்கூட இல்லை. ஆக, அமர இடமுள்ள கடை விற்பது காபியை அன்று. நாற்காலியில் கழியும் நேரத்தை.

வரி விதிப்பும் இதைக் கூட்டுகிறது. தனித்து இயங்கும் உணவகங்களுக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. ஆனால், உள்ளீட்டு வரி வரவு கிடையாது. கட்டட வாடகை மீது 18 விழுக்காடு வரி செலுத்தினால் அது முழுவதும் செலவாகவே நின்றுவிடும். நமது 33 ரூபாய் 39 ஆகிறது. பெருநிறுவனக் கடைகளுக்கும் விதி இதுதான். ஆனால், அங்கே ஒரு கிளையின் நட்டத்தை இன்னொரு கிளை தாங்கும். முதலீட்டாளர் சில ஆண்டுகள் பொறுத்திருப்பார். தனியொருவர் மூன்று மாத வாடகை பாக்கிக்கு மேல் தாங்க மாட்டார். செலவைக் குறைக்க அவருக்கு எஞ்சியிருக்கும் வழி சிக்கரி. கலவைத் தூளில் காபி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு விதி. வாடகை ஏற ஏற, எண்பதுக்கு இருபதாக இருந்த கலவை அந்த எல்லையை நோக்கி நகர்கிறது. நல்ல காபி நாவிலிருந்து மறைவதற்கும் வாடகைக்கும் தொடர்பு உண்டு.

இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை நம் நாட்டிலேயே முன்பு கிடைத்தது. காபி வாரியம் தான் நடத்திவந்த காபி இல்லங்களை 1950-களில் மூடத் தொடங்கியபோது, வேலையிழந்த தொழிலாளர்களை ஏ.கே.கோபாலன் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டினார். 1957-இல் பெங்களூரில் முதல் சங்கம் அமைந்தது. அதே ஆண்டு டெல்லியில் அவர்களது முதல் 'இந்தியன் காபி ஹவுஸ்' திறக்கப்பட்டது. நெய்வேலியில் சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்ததும் அந்த ஆண்டுதான். அந்தக் காபி இல்லங்கள் எல்லாம் செழித்தன என்று சொல்ல மாட்டேன். பரிமாறுவதில் வேகமோ இருக்கைகளில் பளபளப்போ எதிர்பார்க்க முடியாது. ஆனால், மாணவரும் எழுத்தரும் கட்சித் தொண்டரும் ஒரு காபியுடன் ஒரு மணி நேரம் அமர முடிந்தது. பெங்களூர் மகாத்மா காந்தி சாலையில் அரை நூற்றாண்டு இருந்த காபி ஹவுஸ் 2009-இல் அங்கிருந்து வெளியேறி சர்ச் தெருவுக்குப் போனது. வாடிக்கையாளர் குறைந்ததால் அன்று. கட்டடம் அவர்களுடையதாக இல்லாததால்.

நெய்வேலி நகரியத்தில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். இங்கே நிலம் முழுவதும் நிறுவனத்துடையது; கடைகள் ஒதுக்கீட்டின் வழியே வருகின்றன. வாடகைப் போட்டி இல்லாததால் பெரிய கடைவீதியில் விலை கட்டுக்குள் இருக்கிறது. பெஞ்சில் அமர்ந்து நாளிதழ் முழுவதையும் படித்து முடிக்கும்வரை யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால், ஒதுக்கீடு என்றாலே இடம் பெற்றவர் இருப்பார், புதியவர் காத்திருப்பார். ஆர்ச் கேட்டுக்கு வெளியே வந்தால்தான் புதிய கடைகளையும் புதிய சுவையையும் காண முடிகிறது. சந்தை வாடகையும் அங்கேயே தொடங்குகிறது.

எனவே, நகரியத்தின் ஏற்பாட்டை அப்படியே சென்னைக்கு நான் பரிந்துரைக்கவில்லை. காலவரையறை இல்லாத சலுகை சில ஆண்டுகளில் பரம்பரைச் சொத்தாகிவிடும். நான் கேட்பது சிறியது. மாநகராட்சி வளாகங்கள், பேருந்து முனையங்கள், நூலகங்கள், 118.9 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் நிலையங்கள் ஆகியவற்றில் கடைகளுக்கென ஒதுக்கப்படும் பரப்பில் ஒரு பங்கை, அதிக வாடகை கேட்பவருக்கு என்ற ஒரே அளவுகோலிலிருந்து விலக்க வேண்டும். ஒரே ஒரு கடை மட்டும் வைத்திருப்பவர்களும் கூட்டுறவுச் சங்கங்களும் மட்டுமே அதற்கு விண்ணப்பிக்கலாம். நிலையான வாடகை, ஐந்தாண்டு ஒப்பந்தம், அதன்பின் மறு விண்ணப்பம். வாசலில் எழுதி வைக்க வேண்டியவை இரண்டு: காபியின் விலை, சிக்கரியின் விழுக்காடு.