பேசும் கம்ப்யூட்டர் வந்த பின் பிரெயில் எதற்கு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு சின்ன சோதனை. உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் விண்டோஸ் கீ, கண்ட்ரோல் கீ, என்டர் கீ மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். கம்ப்யூட்டர் பேச ஆரம்பிக்கும். இந்த வசதிக்குப் பெயர் நேரேட்டர். இப்போது மானிட்டரை அணைத்துவிடுங்கள். மவுஸை ஓரமாக வைத்துவிடுங்கள். டேப் கீயையும் அம்புக்குறி கீகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, நேற்று நீங்கள் டைப் செய்த ஒரு ஆங்கிலக் கடிதத்தைத் திறந்து கேட்டுப் பாருங்கள். போதும் என்றால் அதே மூன்று கீகளை மீண்டும் அழுத்துங்கள், பேச்சு நின்றுவிடும்.

பத்து நிமிடத்தில் இரண்டு விஷயங்கள் புரியும். ஒன்று, கண்ணால் பார்க்காமலே கம்ப்யூட்டரில் இவ்வளவு வேலை செய்ய முடிகிறதா என்ற வியப்பு. இரண்டாவது, கடிதம் முழுவதும் காதில் விழுந்தாலும், அதில் எந்த வார்த்தை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது தெரியவில்லையே என்ற குறை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றியது.

பார்வையற்ற மாணவர் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வழங்க நினைக்கும் நல்ல மனம் கொண்டவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது: "கம்ப்யூட்டரே படித்துக் காட்டுகிறதே, இனி இந்தப் புள்ளி எழுத்தை எதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்?" கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அது தவறு என்பது என் கருத்து. இதே கேள்விக்கு ஒரு பள்ளியின் மாணவர்கள் ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்கள். முதலில் அந்தப் பள்ளிக்குப் போய் வருவோம்.

பாரிஸ் பள்ளியில் நடந்தது

பார்வையற்ற சிறுவர்களுக்காக 1785-ல் பாரிஸ் நகரில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. தொடங்கியவர் வாலன்டின் ஹாவி. சாதாரண ரோமன் எழுத்துகளையே தாளில் புடைத்து நிற்கும்படி பெரிதாக அச்சிட்டு, விரலால் தடவிப் படிக்கச் செய்தார். பார்வையற்றவர்களும் படிக்க முடியும் என்று உலகுக்குக் காட்டிய பெரிய முயற்சி அது. ஆனால் அதில் சிக்கல்கள் இருந்தன. புத்தகங்கள் கனமானவை, எண்ணிக்கையில் குறைவு. ஒவ்வொரு எழுத்தையும் சுற்றித் தடவிக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்த எழுத்தை மாணவனால் தானே எழுத முடியாது. படிக்கலாம், குறிப்பெடுக்க முடியாது.

1819-ல் அந்தப் பள்ளியின் விடுதிக்கு 10 வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். பெயர் லூயி பிரெயில். குதிரைச் சேணம் செய்யும் தகப்பனாரின் பட்டறையில் 3 வயதில் கூரிய கருவி ஒன்று கண்ணில் பட்டது; பின்பு இரண்டு கண்களும் போயின. 1821-ல் சார்லஸ் பார்பியே என்ற முன்னாள் ராணுவ அதிகாரியின் புள்ளி எழுத்து முறை பள்ளியில் அறிமுகமானது. இரண்டு வரிசைகளில், ஒரு வரிசைக்கு 6 புள்ளிகள் வரை. கோட்டைவிட புள்ளி விரலுக்கு எளிதாகப் பிடிபட்டது. அதோடு, ஊசியால் குத்தி மாணவர்கள் தாங்களே எழுதவும் முடிந்தது.

ஆனால் பார்பியேயின் முறையில் ஒரு பெரிய குறை. அது ஒலியைத்தான் குறித்தது, எழுத்தை அல்ல. வார்த்தை எப்படிக் கேட்கிறதோ அப்படி எழுதலாம். அதன் சரியான எழுத்துக்கூட்டு என்ன, கமா எங்கே, புள்ளி எங்கே என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. 12 புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்தை ஒரே விரல்நுனியால் உணரவும் முடியாது.

லூயி இதைத் திருத்த உட்கார்ந்தான். 1824-ல், 15 வயதில், 6 புள்ளிகள் மட்டுமே கொண்ட தன் முறையை ஒருவாறு முடித்துவிட்டான். ஒரு விரல்நுனிக்குள் ஒரு எழுத்து அடங்கும். 1829-ல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். அவர் ஆர்கன் வாசிப்பவர் என்பதால் இசைக் குறிப்புகளுக்கும் அதில் வழி செய்தார். கம்ப்யூட்டர் பாஷையில் சொன்னால் இது 6 பிட் குறியீடு. ஒவ்வொரு புள்ளியும் உண்டு அல்லது இல்லை. ஆக மொத்தம் 64 சேர்க்கைகள். காலியாக உள்ள ஒன்றைக் கழித்தால் 63.

விடுதியில் பரவிய எழுத்து

இங்கேதான் பள்ளி வாழ்க்கையின் பலம் தெரிகிறது. இந்த எழுத்தை மேலிருந்து யாரும் உத்தரவு போட்டுப் பரப்பவில்லை. மாணவர்கள் ஒருவருக்கு ஒருவர் கற்றுக்கொடுத்தார்கள். வகுப்பில் குறிப்பெடுத்தார்கள். பெரிய மாணவர்கள் சிறியவர்களுக்குப் பாடம் சொல்லும் வழக்கம் அங்கே இருந்தது. லூயியும் அப்படித்தான் முதலில் துணை ஆசிரியராகி, பின்பு அங்கேயே ஆசிரியரானார்.

1840-ல் ஆர்மண்ட் டுஃபோ என்பவர் பள்ளியின் தலைவரானார். பார்வை உள்ளவர்கள் படிக்க முடியாத ஒரு தனி எழுத்து, இவர்களைச் சமூகத்திலிருந்து பிரித்துவிடும் என்பது அவர் தரப்பு வாதம். புடைத்த ரோமன் எழுத்துகளே போதும் என்று முடிவு செய்து, பிரெயில் முறைக்குத் தடை போட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் படிக்கப் போகிறவர்களை அவர் கேட்கவில்லை. மாணவர்கள் தடையை மீறி ரகசியமாக எழுதினார்கள், படித்தார்கள். கடைசியில் பள்ளி தன் முடிவை மாற்றிக்கொண்டது. 1844-ல் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில், பிரெயில் எழுத்து பொதுமக்கள் முன்னிலையில் செய்து காட்டப்பட்டது. பிரெயில் 1852-ல் இறந்தார். அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1854-ல் பிரான்ஸ் அதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது.

டுஃபோவின் கவலைக்கும் அதே பள்ளியிலேயே விடை இருந்தது. வீட்டாருக்கு எழுதும் கடிதத்தை வீட்டார் படிக்க வேண்டுமே! அதற்காக, சாதாரண எழுத்துகளையே புள்ளிகளால் உருவாக்கும் இன்னொரு முறையை பிரெயில் 1839-ல் வெளியிட்டார். அதே பள்ளியில் படித்த பியர் ஃபூக்கோ அதற்கு ஒரு இயந்திரமும் செய்தார். புள்ளிகளை அடுக்கி எழுத்தாக்குவது என்றவுடன் உங்களுக்கு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஞாபகம் வந்தால் தவறில்லை.

தமிழில் இது இன்னும் முக்கியம்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பார்பியேயின் முறையில் என்ன குறையோ, அதே குறைதான் பேசும் கம்ப்யூட்டரை மட்டும் நம்புவதிலும் இருக்கிறது. அது ஒலியைத் தருகிறது, எழுத்தைத் தருவதில்லை.

தமிழில் கரியும் கறியும், அரமும் அறமும் இன்றைய பேச்சில் காதுக்கு ஒன்றுதான். 300-ஐ முந்நூறு என்று எழுத வேண்டுமா, முன்னூறு என்று எழுத வேண்டுமா என்பதைக் காது சொல்லாது. பார்வையுள்ள குழந்தை சுவரொட்டியிலும் கடைப் பலகையிலும் பாடப் புத்தகத்திலும் ஆயிரம் முறை பார்த்துப் பார்த்து இதைக் கற்றுக்கொள்கிறது. கேட்டு மட்டுமே வளரும் குழந்தைக்கு அந்த வாய்ப்பு எங்கே?

பிரெயிலில் அந்த வாய்ப்பு இருக்கிறது. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் முறையில் ர, ற இரண்டுக்கும் தனித்தனி வடிவம் உண்டு. ந, ன, ண மூன்றுக்கும் அப்படியே. லகரத்துக்கு இடப்பக்கத்து மூன்று புள்ளிகள். ளகரத்துக்கு வலப்பக்கத்து மூன்று புள்ளிகள். குழப்பத்துக்கே இடமில்லை. விரல் தடவும்போதே எழுத்துக்கூட்டு மனதில் பதிந்துவிடுகிறது. ஸ்கிரீன் ரீடரை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திக் கேட்கலாமே என்பீர்கள். ஒரு வார்த்தைக்கு அப்படிச் செய்யலாம். ஒரு பாடப் புத்தகம் முழுவதும் அப்படிப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

இன்னொன்றும் உண்டு. ஹெட்போன் மாட்டிய பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கிறது. பிரெயில் தாள் கைமாறுகிறது. விடுதியில் விளக்கை அணைத்த பிறகும் போர்வைக்குள் கதை படிக்கலாம். பக்கத்துப் படுக்கைக்காரனுக்கு வாசித்துக் காட்டலாம். காதும் கேளாத பிள்ளைக்கோ பேசும் கம்ப்யூட்டரால் எந்தப் பயனும் இல்லை, விரல்தான் வழி.

அப்படியானால் கம்ப்யூட்டர் வேண்டாமா?

நிச்சயம் வேண்டும். பிரெயில் புத்தகம் பருமனானது. தயாரிக்கக் காலம் பிடிக்கும். அன்றைய செய்தித்தாளை அன்றே படிக்க கம்ப்யூட்டர்தான் கதி. நடுவயதில் பார்வை இழந்தவர்களுக்குப் புள்ளிகள் விரலுக்குப் பழகுவது எளிதல்ல. அவர்களுக்குப் பேச்சு பெரிய வரம்.

இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் சாப்ட்வேரைப் பாருங்கள். 2006-ல் இதை எழுதத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன். பின்பு சேர்ந்துகொண்டவர் ஜேம்ஸ் டே. இருவருமே பார்வையற்றவர்கள். பார்வையற்ற சிறுவர்களுக்கான ஒரு இசை முகாமில் சந்தித்த நண்பர்கள்! பாரிஸ் விடுதியில் நடந்ததுதான் இங்கேயும் நடந்திருக்கிறது. அந்த சாப்ட்வேர் பேசுவதோடு நிற்கவில்லை. பிரெயில் டிஸ்பிளே என்ற கருவியை இணைத்தால், திரையில் உள்ள வரியைச் சின்னச் சின்ன ஊசிகள் மேலே எழும்பிப் புள்ளிகளாகக் காட்டும். பயன்படுத்துகிறவர்களே உருவாக்கியபோது, பேச்சா பிரெயிலா என்று சண்டை போடாமல் இரண்டையும் வைத்துவிட்டார்கள். டிஸ்பிளேயின் விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் பிரெயில் எழுதும் சிலேட்டும் ஊசியும் தடிமனான தாளும் கம்ப்யூட்டர் விலையில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. கம்ப்யூட்டர் தருகிறவர்கள் இவற்றையும் சேர்த்துத் தரலாம். தருவதற்கு முன்னால் அங்கே படிக்கும் மாணவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்.

நாம் செய்யக்கூடியது

வீட்டுக் கம்ப்யூட்டரில் நாம் உருவாக்கும் பைல்கள் எத்தனையோ பேருக்குப் போகின்றன. அவற்றில் இரண்டே விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, தமிழை யூனிகோடில் டைப் செய்யுங்கள். பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் குறியீடுதான். மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். ஸ்கிரீன் ரீடர் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும், அர்த்தமில்லாமல் உளறும். பிரெயில் பிரிண்டரிலும் அதே உளறல்தான் வரும். சந்தேகமாக இருந்தால் உங்கள் தமிழ் வரியைத் தேர்வு செய்து, எழுத்துருவை ஏரியல் என்று மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே இருந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்துகளாகச் சிதறினால் பழைய முறை.

இரண்டாவது, ஸ்கேன் செய்த பக்கத்தை அப்படியே அனுப்பாதீர்கள். பிடிஎஃப் பைலில் ஒரு வார்த்தையை மவுஸால் தேர்வு செய்து பாருங்கள். தேர்வாகவில்லை என்றால் அது எழுத்து அல்ல, வெறும் படம். அதைப் பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடர் நேரடியாகப் படிக்க முடியாது. முடிந்தால் டைப் செய்த பைலையும் கூடவே அனுப்புங்கள்.

இந்த இரண்டும் சரியாக இருந்தால் ஒரே பைலை ஒருவர் கண்ணால் படிப்பார், ஒருவர் காதால் கேட்பார், ஒருவர் விரலால் தடவிப் படிப்பார். எது வேண்டும் என்பதை அவரவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். 1840-ல் பாரிஸ் பள்ளியில் அந்தப் பிள்ளைகள் தடையை மீறிக் கேட்டதும் இதைத்தான்.